பிலிகுண்டுலுவுக்குக் கீழே

2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நடுவர் மன்றம் 2007-இல் கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நமக்கு வந்துசேர வேண்டும் என்று சொன்ன 192 டி.எம்.சி., 177.25 ஆகச் சுருங்கியது. 14.75 டி.எம்.சி. கைநழுவிப் போனதற்குத் தலையங்கம் எழுதினோம், சாலையில் அமர்ந்தோம், தொலைக்காட்சியில் தொண்டை வற்றப் பேசினோம். மேலாண்மை வாரியம் கேட்டு ஏப்ரலில் எழுந்த கொந்தளிப்பில் சேப்பாக்கத்தில் நடக்க வேண்டிய ஐ.பி.எல். ஆட்டங்களே புணேவுக்கு இடம்பெயர்ந்தன.

அதே ஆண்டு ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கன அடி வெளியேறியது. பள்ளிக் கணக்குதான்: அந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் 17 டி.எம்.சி. தீர்ப்பில் ஓராண்டுக்கு இழந்ததைவிட அதிக நீரைக் கொள்ளிடம் ஒரே நாளில் கடலுக்குக் கொண்டுபோகும் நிலை. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில், 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் பெயர்ந்து விழுந்தன. திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் அதே வெள்ளத்தில் சரிந்தன. வெள்ளம் பார்க்கக் குடும்பத்தோடு போனோம். அதே வாரங்களில் நாகை, திருவாரூர்க் கடைமடை ஊர்களில் வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் எட்டவில்லை என்று விவசாயிகள் சொல்லிக்கொண்டிருந்தது மாவட்டச் செய்திப் பக்கத்தின் மூலையில் வந்தது.

அந்த வெள்ளம் முழுவதையும் தேக்கியிருக்கலாம் என்று யாரும் சொல்ல முடியாது. டெல்டா தட்டையான நிலம். மேட்டூர் போல இன்னொரு அணைக்கு அங்கே பள்ளத்தாக்கு கிடையாது. ஆனால் கடைமடைக்கு எட்டாமல் கடலுக்கு மட்டும் எட்டியது ஏன் என்று கேட்க அணை தேவையில்லை. பிப்ரவரியில் ஒலித்த குரலில் பத்தில் ஒரு பங்குகூட ஆகஸ்டில் ஒலிக்கவில்லை. பிப்ரவரியில் திட்டுவதற்கு ஆள் இருந்தார்கள். ஆகஸ்டில் திட்ட வேண்டிய ஆள் நாமாக இருந்தோம்.

கர்நாடகத்தின் பிழைகளும் மத்திய அரசின் இழுத்தடிப்பும் நமக்கு மனப்பாடம். 1991-இல் 205 டி.எம்.சி. என்று இடைக்கால உத்தரவு வந்தபோது பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டதும், 2007-இன் இறுதித் தீர்ப்பு அரசிதழில் ஏற 2013 வரை காத்திருந்ததும் உண்மை. அந்தப் பட்டியலை இங்கே மறுபடி வாசிக்கப் போவதில்லை. காவிரியைப் பற்றி எழுதியவர்கள், படித்தவர்கள், பாய்ச்சியவர்கள், பொறியியல் படித்துப் பொதுப்பணித்துறையில் இருந்தவர்கள் என எல்லோரும் சேர்ந்து எதையெல்லாம் கவனிக்காமல் விட்டோம் என்பதே இங்கே பேச்சு.

முதலில் ஒரு எண். 2018 தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி. அதில் பிலிகுண்டுலு வழியாக வருவது பாதிக்கும் குறைவு. மீதி, எல்லைக்குக் கீழே நம் மழையிலும் பவானி, நொய்யல், அமராவதி போன்ற துணையாறுகளிலும் கிடைக்க வேண்டிய நீர். நமக்கு எழுதிக்கொடுத்த நீரில் பெரும்பகுதிக்கு நாமே காவல். அந்தப் பெரும்பகுதியைப் பற்றி நாம் நடத்திய மறியல் எத்தனை?

நொய்யலை எடுத்துக்கொள்வோம். பாசனத்துக்கென்று 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினோம். திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து நிறைந்து, அணையைத் திறக்கச் சொல்லிப் போராட வேண்டிய விவசாயிகள் திறக்காதே என்று போராடும் நிலை வந்தது. சாய ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. காவிரியின் ஒரு துணையாற்றை அண்டை மாநிலம் எதுவும் கை வைக்காமலேயே நாம் இழந்தோம். காவிரி உரிமைப் பொதுக்கூட்டங்களில் நொய்யலின் பெயர் வருவதே அபூர்வம். பனியன் ஏற்றுமதியின் பெருமை வேறு மேடை, காவிரியின் சோகம் வேறு மேடை என்று பிரித்து வைத்துக்கொண்டோம்.

பிலிகுண்டுலுவில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அது மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம். கரையில் நட்ட அளவுகோலில் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். ஆற்றின் அகலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்த்து, சுழலும் கருவியை இறக்கி நீரோட்டத்தின் வேகம் எடுக்கிறார்கள். பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் நொடிக்கு இத்தனை கன அடி. இரண்டு மாநிலத்து ஆட்களும் இல்லாமல் மூன்றாம் கை எழுதும் எண் என்பதால்தான் அதன் மீது நீதிமன்றம் நிற்கிறது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 டி.எம்.சி. என்று மாதவாரியாகக் கேட்கும் அட்டவணை முழுவதும் அந்த ஒரு அளவுகோலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மத்திய அரசும் மாநிலங்களும் காவிரியில் சேர்ந்து செய்யும் வேலைகளில் தகராறு இல்லாமல் அன்றாடம் நடப்பது இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது மேட்டூர், கல்லணை தாண்டிக் கீழே வரலாம். பெரிய ஆறுகளின் தலைப்பில் அளவு உண்டு, பதிவேடு உண்டு. அங்கிருந்து பிரிந்து பிரிந்து, கடைசியில் ‘சி’, ‘டி’ வாய்க்கால் என்று ஊரில் சொல்லும் கிளைகளுக்கு வரும்போது அளவுகோல் இருந்த இடத்தில் சிமெண்டுத் தடம் மட்டும் நிற்கிறது. ஷட்டரின் திருகு துருப்பிடித்திருந்தால், தண்ணீர் தேவைப்படுகிறவர்கள் பலகையும் சாக்குமாகக் கொண்டுவந்து அடைக்கிறார்கள், அல்லது உடைக்கிறார்கள். ஒரு லஸ்கருக்கு எத்தனையோ மைல் கரை. அவர் திறப்பது பழக்கத்தில், மூடுவது யார் அதிகம் சத்தம் போடுகிறார்கள் என்பதைப் பார்த்து. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கையில் நாம் எண் எதையும் கொடுக்கவில்லை. பற்றாக்குறை ஆண்டில் முறைப்பாசனம் அறிவிப்பார்கள், இத்தனை நாள் இந்த ஆறு, இத்தனை நாள் அந்த ஆறு என்று. முறை வந்த நாளில் எவ்வளவு வந்தது என்று கேட்டால், “முழங்காலுக்கு வந்துது சார்” என்பதுதான் பதில். கர்நாடகத்திடம் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை கேட்கும் நாம், நமக்குள் முழங்கால் கணக்கில் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

ஏப்ரல், மே வந்தால் சிறப்புத் தூர்வாரும் பணி. வாய்க்காலில் பொக்லைன் இறங்கும். மேலே படர்ந்த கோரையையும் வெங்காயத்தாமரையையும் வழித்துக் கரையில் போடும். கரையில் போட்ட மண் முதல் மழையில் வாய்க்காலுக்கே திரும்பும். மதிப்பீட்டுத் தொகை எழுதிய பலகை வாய்க்காலைவிடப் பளிச்சென்று நிற்கும். எத்தனை கிலோமீட்டர் தூர்வாரினோம் என்பது செய்தியாக வரும். எவ்வளவு ஆழம், வாய்க்காலின் அடிமட்டம் தலைப்பு மதகின் மட்டத்தோடு பொருந்துகிறதா என்பது செய்தியாக வராது, நிருபரும் கேட்பதில்லை. மணல் அள்ளி அள்ளி ஆறு தாழ்ந்த இடங்களில் வாய்க்கால் மேடாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் போகும், பக்கத்து மதகில் ஏறாது. இதை டெல்டாவில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மணலில்தான் வீடு கட்டினோம் என்பதை மட்டும் சொல்ல மாட்டோம்.

நிலத்தடி நீர்க் கதை இன்னும் கசப்பு. 2018 தீர்ப்பில் நம் பங்கு குறைந்ததற்கு நீதிமன்றம் சொன்ன முக்கியக் காரணம் அதுதான். டெல்டாவின் அடியில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருப்பதாக ஒரு மதிப்பீடு இருந்தது, அதில் 10 டி.எம்.சி.யையாவது கணக்கில் எடுக்கலாம் என்றது நீதிமன்றம். அது தனிநீர் இல்லை, காவிரி பாய்வதால் ஊறும் நீர், ஆற்று நீரையே இரண்டாம் தடவை எண்ணுகிறீர்கள் என்பது நம் வாதம். எனக்கு இன்றும் அந்த வாதம் சரியென்றே படுகிறது. ஆனால் வாதத்துக்குத் துணையாக நாமே எடுத்த கணக்கு எங்கே? வட்டத்துக்கு எத்தனை போர், எவ்வளவு ஆழம், குறுவைக்கு எத்தனை மணிநேரம் மோட்டார் ஓடுகிறது, கடற்கரையிலிருந்து எத்தனை மைல் வரை உப்பு ஏறியிருக்கிறது? விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கொடுத்தோம், நல்ல காரியம். மீட்டர் வைத்தால் நாளை கட்டணம் வரும் என்ற பயத்தில் மீட்டரை நெருங்கவிடவில்லை. பயத்துக்குக் காரணம் இருந்தது என்றாலும் அதனால் அளவே இல்லாமல் போயிற்று. நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003-இல் சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வராமலே கிடந்து, 2013-இல் அதை நீக்கிவிட்டார்கள். பத்தாண்டு ஒரு சட்டம் அலமாரியில் தூங்கியதைப் பற்றி நம்மில் யாரும் ஒரு கடிதம்கூட எழுதியதாகத் தெரியவில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில அமைப்பும் தத்தம் கண்காணிப்புக் கிணறுகளை அளந்து, சேர்ந்து மதிப்பீடு தயாரிக்கின்றன. அந்த அறிக்கை வரும் நாளில் நம் பத்திரிகைகளில் அணைகளின் நீர்மட்டம் வழக்கமான கட்டத்தில் வரும், அறிக்கை வராது.

இதைவிட உறுத்துவது காரைக்கால்.

காவிரி என்றால் நாம் கீழ்மடை மாநிலம், மேலே இருப்பவன் கொடுக்கவில்லை என்பதுதான் நமக்குப் பழகிய கதை. நமக்கும் கீழே ஒருவர் இருக்கிறார். புதுச்சேரிக்கு நடுவர் மன்றம் ஒதுக்கியது 7 டி.எம்.சி., அது காரைக்கால் வட்டாரத்துக்கானது. அரசலாறும் நாட்டாறும் திருமலைராஜன் ஆறும் நம் மாவட்டங்களைக் கடந்துதான் அங்கே போகின்றன. மதகுகள் நம் கையில். உரிய காலத்தில் உரிய அளவு வருவதில்லை என்று காரைக்கால் விவசாயிகளும் புதுச்சேரி அரசும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். எங்களுக்கே இல்லை, இருந்தால் விடமாட்டோமா, மழையில் போன தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்கிறோம். இந்த வாசகங்களை எங்கே கேட்டிருக்கிறோம் என்று யோசிக்க அதிக நேரம் ஆகாது. கர்நாடகம் நம்மை வடிகாலாக நடத்துகிறது என்று டெல்லியில் முறையிடும் நாமே, வடகிழக்குப் பருவமழையில் பெருகி வந்ததைக் காட்டிக் காரைக்காலிடம் கணக்கு முடிக்கிறோம்.

காரைக்காலில் மொழிச் சண்டை கிடையாது. அவர்களும் தமிழர்கள். அங்கே கொண்டு கொடுத்த சம்பந்தி வீடுகள் நம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு. கர்நாடகம் தண்ணீர் தராததற்கு இன வெறுப்புதான் காரணம் என்று சொல்லி வந்தவர்கள் காரைக்காலுக்கு என்ன விளக்கம் தருவார்கள்? மதகு எவன் கையில் இருக்கிறதோ அவன் முதலில் தன் வயலைப் பார்க்கிறான் என்பதுதான் நேர்மையான விளக்கம். ஓரத்தநாட்டுக்காரரைப் பற்றி வேதாரண்யத்துக்காரர் சொல்வதும் இதுதான். மாநிலங்களுக்கிடையே பாயும் ஆறு நாட்டின் சொத்து, எந்த மாநிலமும் தனி உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கர்நாடகத்தை நோக்கி வீசினோம். அது நம்மையும் நோக்கி வரும் என்பதைக் காரைக்கால் எல்லையில் மறந்துபோனோம்.

அமைப்புகளின் பக்கம் வருவோம். 1956-இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்கள் இயற்றியது. ஒன்று, மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுகளுக்கானது. இன்னொன்று நதி வாரியங்கள் சட்டம்: ஒரு ஆற்றுப் படுகை முழுவதையும் சேர்த்துத் திட்டமிட மாநிலங்களும் மத்திய அரசும் கூடி வாரியம் அமைக்க வழி செய்தது. முதல் சட்டத்தைத் தேயத் தேயப் பயன்படுத்தினோம். இரண்டாவதன் கீழ் நாட்டில் எந்த ஆற்றுக்கும் ஒரு வாரியமும் அமையவில்லை. மாநிலப் பட்டியலில் 17-ஆவது இனமாகத் தண்ணீர், மத்தியப் பட்டியலில் 56-ஆவது இனமாக மாநிலங்களுக்கிடையிலான ஆறுகள். இரண்டுக்கும் நடுவில் சேர்ந்து உட்கார ஒரு திண்ணையைச் சட்டம் போட்டு வைத்திருந்தது. டெல்லிக்கு அதில் அக்கறை இல்லை. மாநில உரிமை பறிபோகும் என்று மாநிலங்களுக்குப் பயம். அந்தப் பயத்தை நாமும் வளர்த்தோம். வழக்கில் வென்றால் தலைப்புச் செய்தி, வாரியத்தில் உட்கார்ந்தால் கூட்டக் குறிப்பு மட்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

1924 ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டு 1974-இல் முடியப்போகிறது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். 1983-இல் டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றம் போனதால்தான் 1990-இல் நடுவர் மன்றமே அமைந்தது. விவசாயிகள் தட்டும் வரை மற்றவர்கள் பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை என்று நாள் கடத்தியிருந்தோம்.

கடைசியில் 2018 ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது. கேட்டு வாங்கிய பிள்ளை. தலைமையகம் டெல்லி, ஒழுங்காற்றுக் குழு பெங்களூர். முழுநேரத் தலைவர் வர 2021 ஆயிற்று, அதுவரை மத்திய நீர்வள ஆணையத் தலைவருக்குக் கூடுதல் பொறுப்பு. வாரியத்துக்காகச் சாலையை நிறைத்தவர்களில் எத்தனை பேர் அந்த மூன்று ஆண்டும் அதைக் கேட்டோம்? தீர்ப்பின்படி ஒன்றோடொன்று இணைத்து இயக்க வேண்டிய நீர்த்தேக்கங்கள் எட்டு. அவற்றில் மேட்டூர், பவானிசாகர், அமராவதி ஆகிய மூன்று நம்முடையவை. ஒவ்வொரு ஜூனிலும் நீராண்டு தொடங்கும்போது எந்த மாதம் எவ்வளவு வேண்டும் என்று மாநிலங்கள் ஆணையத்துக்குத் தேவைப் பட்டியல் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை விவசாயிகளிடம் காட்டி, இதுதான் இந்த ஆண்டுத் திட்டம் என்று பேசும் பழக்கம் நம்மிடம் இல்லை. நாமும் கேட்பதில்லை. நமக்குத் தெரிந்த ஒரே தேதி, மேட்டூரைத் திறக்கும் ஜூன் 12.

அந்தத் தேதியின் மோகம் 2023-இல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பார்த்தோம். மேட்டூரில் நூறு அடிக்கு மேல் இருந்தது, பூத்தூவித் திறந்தார்கள், டெல்டா முழுக்கக் குறுவை நட்டார்கள். தென்மேற்குப் பருவமழை காவிரிப் பிடிப்புப் பகுதியில் பொய்த்தது. ஆகஸ்டில் ஒழுங்காற்றுக் குழுவின் வாசலில் நின்றோம், தண்ணீருக்கு மன்றாடினோம், அக்டோபரில் மேட்டூரை மூடினார்கள். கருகிய பயிருக்குக் கர்நாடகத்தைக் காரணம் சொல்ல நமக்கு நியாயம் இருந்தது. நடுவர் மன்றம் குறுவைக்குக் கணக்கிட்ட 1.85 லட்சம் ஏக்கரைவிடப் பலமடங்கு நட்டீர்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்டபோது, அதற்கு நம்மிடம் விவரமான பதில் இருந்திருக்க வேண்டும். போரில் இத்தனை, ஆற்றில் இத்தனை என்று பிரித்துச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே பாதி கரைந்திருக்கும். பிரித்துச் சொல்ல அளவு இல்லை. திரும்பத் திரும்ப அதே ஓட்டைக்கு வந்து நிற்கிறோம்.

யாருமே வேறு மாதிரி முயலவில்லை என்று சொன்னால் அது பொய். 2003-இல், முந்தைய ஆண்டின் வறட்சியும் சண்டையும் ஆறாத நேரத்தில், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் இரு மாநில விவசாயிகள் ‘காவிரிக் குடும்பம்’ என்ற பெயரில் கூடினார்கள். இங்கிருந்து மன்னார்குடி எஸ். ரங்கநாதன், அங்கிருந்து கே.எஸ். புட்டண்ணையா போன்றவர்கள், பேராசிரியர் எஸ். ஜனகராஜனின் ஒருங்கிணைப்பு. மண்டியாக்காரர்கள் டெல்டாவுக்கு வந்தார்கள், டெல்டாக்காரர்கள் அங்கே போனார்கள். கபினியின் கீழ் ஒருவன் படும் பாடும் கடைமடையில் ஒருவன் படும் பாடும் ஒன்றுதான் என்பது நேரில் பார்த்தவர்களுக்குப் புரிந்தது. பல ஆண்டுகள் பேசியும், பற்றாக்குறை ஆண்டில் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதில் முடிவுக்கு வர அவர்களாலும் முடியவில்லை. அரசுகள் இரண்டும் அதைத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தன. பத்திரிகைகளுக்கு அதில் காரம் போதவில்லை. பஸ் எரிந்தால் முதல் பக்கம், விவசாயிகள் சேர்ந்து சோறு உண்டால் பெட்டிச் செய்தி. புட்டண்ணையா 2018 பிப்ரவரி 18 அன்று, தீர்ப்பு வந்த இரண்டாம் நாள் காலமானார். தீர்ப்பை அலசிக்கொண்டிருந்த நம் பக்கங்களில் அந்த மனிதருக்குக் கிடைத்த இடம் சிறிது.

பற்றாக்குறைப் பங்கீட்டுக்கு இரு மாநிலமும் ஒப்புக்கொண்ட சூத்திரம் இன்றைக்கும் இல்லை. அதை எழுதுவதற்கு ஆணையம் என்றாவது கூட்டம் போடும். பிலிகுண்டுலுவின் எண்ணை மத்திய அரசு கொண்டுவரும், கிருஷ்ணராஜசாகரின் எண்ணைக் கர்நாடகம் கொண்டுவரும். அரசலாற்றில் காரைக்கால் எல்லையைத் தாண்டிய நீர், மாதவாரியாக, புதுச்சேரி கையொப்பத்தோடு, நம் கோப்பில் இருந்தாக வேண்டும். அதை எடுக்க டெல்லியின் அனுமதியோ பெங்களூரின் சம்மதமோ தேவையில்லை. எல்லையில் ஒரு அளவுகோலும், அதைப் படிக்க இரண்டு அரசிலிருந்தும் ஆளுக்கு ஒருவரும் போதும்.